தறி வீட்டில், கணக்கு சங்கத்தில்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களை எப்படிக் கட்டி மேய்ப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் மேலாளர்கள், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு நடை போய் வரலாம். அங்கே பட்டு நெசவு பல தலைமுறையாக அப்படித்தான் நடக்கிறது.

நம்பிக்கை: வீட்டிலிருந்து வேலை என்பதே கொரோனா கொண்டுவந்த பழக்கம்.

உண்மை: கணினிக்காரர்களுக்கு வேண்டுமானால் 2020 மார்ச் ஊரடங்கு தொடக்கமாக இருக்கலாம். காஞ்சியில் கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ பாவும் (நீளவாக்கு இழைகள்) சரிகையும் வாங்கிவந்து, வீட்டுத் தறியில் நெய்து, புடவையாகக் கொண்டுபோய்க் கொடுப்பது பழைய வழக்கம். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் 31 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் கைத்தறித் தொழிலில் இருக்கின்றன.

நம்பிக்கை: கண் பார்வையில் இல்லாவிட்டால் வேலை நடக்காது.

உண்மை: பட்டும் சரிகையும் எடை போட்டுக் கொடுக்கப்படுகின்றன. நெய்த புடவையையும் எடை போட்டு, விரித்துப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். கூலி புடவைக்குத்தான், எத்தனை மணிக்குத் தறியில் உட்கார்ந்தார் என்று யாரும் கேட்பதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் ஊழியரின் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள், அவர் இடத்தில் இருந்தாரா என்பதைச் சொல்லும். வேலை தேறுமா என்பதைச் சொல்லாது.

நம்பிக்கை: தினமும் வீடியோ கூட்டம் போட்டால்தான் எல்லாருக்கும் வேலை புரியும்.

உண்மை: தறிக்கு டிசைனைச் சொல்லும் ஜக்கார்டு அட்டையைப் பாருங்கள். ஓர் ஊடை (குறுக்கு) இழை போகும்போது எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டும் என்பதை ஒவ்வொரு அட்டையின் துளைகளும் சொல்லிவிடும். அட்டை சரியாக இருந்தால் டிசைன் போட்டவர் தறிப் பக்கமே வர வேண்டாம். ஒரு துளை தப்பினாலோ, அட்டைக்கட்டு சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் அதே பிழை விழும். தலைமை அலுவலகம் இல்லாமலே இயங்கும் கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனமும் தன் நடைமுறைகளைப் பெரிய கையேடாக எழுதி, யாரும் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. தெளிவாக எழுதி வைத்தால் பாதிக் கூட்டங்கள் குறையும்.

நம்பிக்கை: அப்படியானால் சேர்ந்து உட்கார வேண்டிய தேவையே இல்லை.

உண்மை: இதுவும் தப்புக்கணக்கு. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதனால் உடலுக்கும் இரு கரைகளுக்குமாக, ஊடை இழையைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்பவரின் இரண்டு கை போதாமல், பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து நாடா தள்ளுவார். தெருவில் பாவு நீட்டும்போதும் அக்கம்பக்கத்தார் கைகொடுப்பார்கள். இப்படி ஒரே நேரத்தில் பல கைகள் சேர்ந்தால்தான் முடியும் என்கிற வேலைக்கு மட்டும் கூட்டம் கூட்டுங்கள்.

நம்பிக்கை: வீட்டிலிருந்து வேலை இரு தரப்புக்கும் மிச்சம்.

உண்மை: தறி அடைக்கும் இடம், கரன்ட் செலவு, மழைக்காலத்தில் ஈரமேறும் தறிக்குழி, நாடா தள்ளும் வீட்டாரின் உழைப்பு எல்லாம் நெசவாளர் தலையில்தான் விழுகின்றன. தமிழக அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு இரு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் இலவசமாகத் தருவதால் அந்தச் சுமையில் கொஞ்சம் குறைகிறது. உங்கள் ஊழியரின் கரன்ட் பில்லும் இணையக் கட்டணமும் நாற்காலியும் யார் கணக்கில்? அதை முதலில் முடிவு செய்யுங்கள். புது ஆப் வாங்குவதை அப்புறம் பார்க்கலாம்.