எந்தத் தாய்க்கு எந்தப் பம்ப்?



கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். குறைமாதக் குழந்தையை இன்குபேட்டருக்காகக் கீழே கொண்டுபோனபின் தாய் மலையிலேயே தங்க நேர்ந்தால், குழந்தை உறிஞ்சாத மார்பில் பால் வற்றிவிடும். "பால் எடுக்கும் பம்ப் வாங்கித் தரலாமா?" என்று கேட்கிறவர்களுக்கு, தாய்மாருக்கு நாங்கள் சொல்லும் பாடத்தையே எழுதுகிறோம்.

முதல் நாட்களில் சீம்பால் துளித்துளியாகவே வரும். அதற்குக் கையால் பீய்ச்சுவதே சிறந்தது. எப்போதாவது வெளியே செல்லும் தாய்க்குக் கைப்பம்ப் போதும், மின்சாரமும் வேண்டாம். வாரக்கணக்கில் குழந்தையைப் பிரிந்து, இரவும் பகலுமாக 8 முறையாவது பால் எடுக்கவேண்டிய தாய்க்கே மின்சாரப் பம்ப் அவசியம். கரண்ட் போனால் பேட்டரியிலும் அது ஓடவேண்டும்.

எதுவானாலும் மார்பில் வைக்கும் புனல் அளவாகப் பொருந்தவேண்டும். வலித்தால் அளவு சரியில்லை. பால் படும் பாகங்கள் அனைத்தையும் கழற்றிக் கொதிக்கவைக்க முடியவேண்டும். ரப்பர் பந்து வைத்த பழைய வகையின் உட்புறத்தைச் சுத்தம் செய்வது கடினம், அது வேண்டாம். ஒரு தாய் உபயோகித்த வீட்டுப் பம்ப்பை மற்றொரு தாய்க்குக் கொடுப்பதும் நல்லதல்ல, கிருமி தொற்றலாம்.

ஆகவே பம்ப் அனுப்புமுன் எங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பிள்ளையைப் பிரிந்திருக்கும் தாய்மாருக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.