புக்கம் நகரத்து விண்ணகரம்

ஸ்ரீமந் நாராயணன் எங்கும் நிறைந்தவன். ஆயினும், அடியார் இருக்கும் இடம் தேடி அர்ச்சாவதாரமாக எழுந்தருள்வது அவனது ஸௌலப்யம். கடல் கடந்து சென்ற அடியார்க்கும் அவன் எளியனாய் இருந்தமைக்கு, நம் முன்னோர் பர்மா என வழங்கிய மியன்மா நாட்டிலே ஒரு பாழ்நகரம் சான்று பகர்கின்றது.

ஐராவதி நதிக்கரையில் உள்ளது பகான். 1044-இல் அரியணை ஏறிய அனவ்ரதா மன்னன் காலந்தொட்டு, 13-ஆம் நூற்றாண்டு வரை அது பேரரசொன்றின் தலைநகராக விளங்கிற்று. பகைவரை மர்த்தனம் செய்யும் நகரம் என்னும் பொருளில் அரிமர்த்தனபுரம் என்றும் அதற்குப் பெயருண்டு. அந்நகரமே 1287-இல் மங்கோலியர் படையெடுப்பின்போது சீர்குலைந்தது. மரத்தாலான அரண்மனைகள் அழிந்தன. செங்கல்லாலான பௌத்த ஆலயங்களும் தூபிகளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை, 1975, 2016 ஆண்டுகளின் நிலநடுக்கங்களையும் தாங்கி நிற்கின்றன. 2019-இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

இந்நகரின் பழைய மதிலுக்குள்ளே ஒரு விஷ்ணு ஆலயமும் உண்டு. அதன் சுவர் மாடங்களில் தசாவதாரத் திருமேனிகள் அமைந்திருந்தன; சில இன்றும் எஞ்சியுள்ளன. தெய்வங்களை அடைத்து வைத்த இடம் என்னும் பொருளில் அவ்வூரார் இதனை நத்லவுங் கியாங் என்பர். எம்பெருமானை அடைக்கவல்ல மதிலும் உண்டோ!

மதிலுக்குத் தெற்கே, மியின்பகானில் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்னும் அரியது. அதன் முற்பகுதி, குலசேகராழ்வார் அருளிய முகுந்தமாலையின் ஒரு சுலோகம், எஞ்சியது தமிழ். பகானைப் புக்கம் என்று அது குறிக்கின்றது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், அங்கிருந்த நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபம் கட்டி, கதவு இட்டு, நின்றெரியும் நிலைவிளக்கொன்றும் அளித்தார் என்பது செய்தி. மகோதயர்பட்டினமாவது இன்றைய கொடுங்கல்லூர். நானாதேசிகள் பல தேசங்களிலும் சென்று வாணிகம் செய்த வணிகக் குழுவினர்.

பொருளீட்டச் சென்றவர், பொருளில் நாட்டமில்லை, பிறவிதோறும் திருவடிப் பக்தியே வேண்டும் என்னும் கருத்துடைய சுலோகத்தைத் தம் தானத்தின் தலையிலே பொறித்தார். ஈட்டுவது எதற்கு என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒக்கூர் முதலிய செட்டிநாட்டு ஊர்களுக்கு இது அயலார் கதையன்று. இங்கிருந்தும் பலர் பர்மாவுக்குக் கொண்டுவிற்கச் சென்றனர். 1942-இல் போர் மூண்டபோது, தேடிய செல்வத்தை விட்டுக் கால்நடையாய்த் திரும்பினோரும் உண்டு. அந்நாட்டுத் தேக்கிலான கதவுகளும் தூண்களும் நம் இல்லங்களில் இன்றும் உள்ளன.

அரசரின் மாளிகை போயிற்று. வணிகரின் செல்வம் போயிற்று. ஒரு விளக்குத் தானம் எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பேசப்படுகின்றது. உத்ஸவத்துக்கு எழுந்தருளும் அன்பர்கள் ஏற்றும் விளக்கு சிறிதாயினும், அக்கைங்கர்யம் வீணாவதில்லை.

சுபம்.