உழவு இயந்திரத்தின் எரிபொருள் மானி பழுதுற்றால்

நான்கு சில்லு உழவு இயந்திரம் வைத்திருக்கும் கமக்காரருட் பலர் எரிபொருள் மானியைப் பொருட்படுத்துவதில்லை. முள் அசையாது நின்றாலும் உழவு நடைபெறுகின்றதல்லவா என்பது அவர்தம் எண்ணம். ஆனால் டீசல் இயந்திரத்தின் தாங்கி முற்றாக வெறுமையானால், குழாய்களினுள் வளி புகுந்துவிடும். அதன்பின் டீசலை நிரப்பினாலும் இயந்திரம் உடனே இயங்குவது அரிது. வடியிலும் உட்பாய்ச்சற் பம்பியிலும் உள்ள திருகாணிகளைத் தளர்த்தி, குமிழிகள் நீங்கும்வரை கைப்பம்பியை அடித்தல் வேண்டும். தாங்கியின் அடியிற் படிந்த நீரும் துருவும் இவ்வேளையிலேயே வடியை நோக்கி இழுக்கப்படும். வாய்க்காலில் முறைநீர் கிடைத்த நாளிற் சேற்றின் நடுவே இது நிகழுமாயின், பழுது தீருமுன் நீர் அடுத்தவர் வயலுக்குச் சென்றுவிடும். 2022ஆம் ஆண்டின் எரிபொருட் தட்டுப்பாட்டின்போது, தாங்கியில் எஞ்சியிருப்பது எவ்வளவு என்று அறியாதவர் பட்ட அவதியும் சிறிதன்று.

மானி பழுதென்று கண்டதும் உதிரிப்பாகக் கடைக்குச் சென்று புதிய மானி ஒன்றை வாங்குதல் பெருவழக்கு. அதைப் பூட்டிய பின்னரும் முள் அசையாததைக் கண்டு ஏமாறுவோர் பலர். ஏனெனில், கண்ணுக்குத் தெரியும் மானி இவ்வமைப்பின் ஒரு பகுதியே. தாங்கியினுள் மிதவை ஒன்று டீசலின் மட்டத்துடன் ஏறி இறங்கும். அதன் தண்டு ஒரு தடைக்கம்பியின்மீது உராய்ந்து நகர, மின்தடை கூடிக் குறையும். அதற்கேற்ப மானியின் முள் நகரும். மானி, வயர், மிதவைக் கருவி, புவித்தொடுப்பு என்னும் நான்கில் எது பழுதுற்றது என்று அறிந்த பின்னரே பணம் செலவிடல் தகும்.

முதலில் உருகியைப் பார்த்தல் வேண்டும். வெப்பமானியும் எரிபொருள் மானியும் ஒரே வேளையிற் பிழையாகக் காட்டினால், அவ்விரண்டுக்கும் பொதுவாக மின் வரும் வழியிலேயே குறை உண்டென்று கொள்ளலாம்.

அடுத்து, தாங்கியின் மூடியை இறுக மூடி, சாவியைத் திருப்பி, மிதவைக் கருவியின் தலையில் உள்ள வயரைக் கழற்றுக. முள் ஒரு முனையில் நிற்கும். அவ்வயரின் நுனியை, தாங்கியின் வாயினின்று விலகிய இடத்தில், இயந்திர உடலின் துருவற்ற இரும்பிற் சில விநாடிகள் மாத்திரம் தொடுக. முள் மறுமுனைக்குச் செல்லல் வேண்டும். சில மானிகளில் அது மெதுவாகவே நகரும். தொட்டவுடன் முள் ‘நிறைவு’ காட்டவேண்டும் என்று சிலர் கூறுவது எல்லா இயந்திரங்களுக்கும் பொருந்தாது. ஒருவகைக் கருவியில் வெறுந்தாங்கிக்கு ஏறத்தாழ 240 ஓமும் நிறைதாங்கிக்கு 33 ஓமும் இருக்கும். வேறொரு வகையில் வெறுந்தாங்கிக்கு 10, நிறைதாங்கிக்கு 180. முன்னதில் தொட்டால் ‘நிறைவு’, பின்னதில் ‘வெறுமை’. முள் இரு முனைக்கும் சென்று வந்தால் மானியும் வயரும் நல்லவை.

முள் அசையாவிடின், மானியின் பின்புறத்தில் அவ்வயர் வந்து சேரும் முனையிலிருந்து வேறொரு குறுவயரால் இயந்திர உடலைத் தொட்டுப் பார்க்கலாம். இப்போது முள் நகர்ந்தால் இடைவயர் அறுந்துள்ளது. கொட்டிலில் நிறுத்திய இயந்திரங்களில் இது பெரும்பாலும் எலியின் வேலை. அப்போதும் நகராது, ஆனால் மானிக்கு மின் வருவதைச் சோதனை மின்குமிழ் காட்டுமாயின், மானியே பழுது.

மானியும் வயரும் நல்லவையென்று தெரிந்தபின் மிதவைக் கருவியை உடனே கழற்றுதல் வேண்டா. சேறும் நீரும் தெறிக்கும் இயந்திரத்திற் புவித்தொடுப்பே எளிதிற் கெடும். தாங்கி இறப்பர்த் துண்டுகளின்மீது அமர்ந்திருப்பின், அதனை உடலுடன் இணைக்கும் சிறு வயர் துருவேறியிருக்கலாம். புதிதாக மை பூசியவிடத்தும் தொடுப்பு விட்டுப்போகும். கழற்றிய வயரை மீளப் பூட்டி, கருவியின் தலைத்தகட்டிலிருந்து இயந்திர உடலுக்கு ஒரு வயரைத் தொடுத்துப் பார்க்கையில் முள் சரியாகக் காட்டினால், அரத்தாளால் துருவை நீக்கி இறுக்குவதோடு வேலை முடிந்தது.

அதனாலும் பயனில்லையெனில், பற்றரியின் தொடுப்பைக் கழற்றி, புகைபிடித்தலையும் தீயையும் விலக்கி, கருவியை வெளியே எடுக்கலாம். மிதவையைக் காதருகே குலுக்குக. உள்ளே திரவம் அசையும் ஒலி கேட்டால் அது ஓட்டையாகி அமிழ்ந்துள்ளது. வெந்நீரில் அமிழ்த்தினால் ஓட்டையினின்று குமிழி எழும். டீசல் புகுந்த பித்தளை மிதவையைத் தீயிற் காட்டி ஈயம் வைத்தல் பேராபத்து. புதியதை மாற்றுதலே நன்று. மிதவை நன்றாயின், பல்மானியைத் தொடுத்துத் தண்டை மெல்ல உயர்த்துக. ஓம் அளவு ஒழுங்காக மாறாது இடையிடையே துள்ளினால் தடைக்கம்பி தேய்ந்துள்ளது.

புதிய கருவி வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுசெல்க. ஓம் அளவு மாறுபட்ட கருவியைப் பூட்டினால், தாங்கி வற்றும்போது முள் ‘நிறைவு’ காட்டவுங்கூடும். அது அசையாத முள்ளிலும் கேடானது.

பூட்டுமுன் அடைப்பு வளையத்தைப் புதுப்பித்து, மிதவை தாங்கியின் சுவரில் உராயாதவாறு திருப்பி வைத்தல் வேண்டும். பின்னர் வெறுந்தாங்கியில் ஐந்து ஐந்து லீற்றராக டீசல் ஊற்றி, ஒவ்வொரு முறையும் உலர்ந்த மூங்கிற் குச்சி ஒன்றை அடிவரை விட்டு, நனைந்த இடத்திற் கத்தியால் வெட்டு அடையாளம் இடுக. முள்ளைச் சரிபார்க்கவும், மானி மீண்டும் கெட்ட நாளில் அளந்துகொள்ளவும் அக்குச்சி உதவும். பூட்டிய மறுநாட் காலையில் வளையத்தைச் சுற்றி டீசற் கசிவு உண்டோ என்று ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தல் வேண்டும்.