கணப்பு அடுப்பும் வினையூக்கியும்

எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழும். உடனே அப்புகையில் ஒரு தீக்குச்சிச் சுடரைக் காட்டினால், தீ புகை வழியே இறங்கித் திரியை மீண்டும் பற்றிக்கொள்ளும். புகை என்பது எரியாது எஞ்சிய எரிபொருளே என்பதை மாணவர்க்கு உணர்த்த இச்சோதனை ஒன்றே போதும்.

விறகிலும் இதுவே நிகழ்கிறது. சூடேறிய விறகினின்றும் வெளிப்படும் வாயுக்களும் தார்த்துளிகளும் முற்றிலும் எரிவதற்கு ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணமும் போதிய காற்றும் தேவை. இரவு முழுவதும் நெருப்பு நிற்க வேண்டுமெனக் காற்றுவழியை அடைத்தால் அவை எரியாமலே வெளியேறும். அதனால் விறகு வீணாகும். ஊராரின் சுவாசம் கெடும். புகைபோக்கியினுள் படியும் கிரியோசோட் என்னும் கரிய பிசின் ஒருநாள் தீப்பற்றவும் கூடும்.

ஆதலின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வீடுகளைச் சூடேற்றும் விறகடுப்புகளுக்கு 1988-ஆம் ஆண்டில் புகை வரம்பு விதிக்கப்பட்டது. 2015-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. அங்கு வழங்கும் அடுப்புகள் இருவகைப்படும்.

வினையூக்கி அடுப்பில், பிளாட்டினமோ பல்லேடியமோ பூசிய தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியின் ஊடே புகை செல்கிறது. அங்கே ஏறத்தாழ 260 டிகிரியிலேயே அது எரிந்துவிடும். எனவே சிறு நெருப்பும் நெடுநேரம் சீராக நிற்கும். ஆயினும், மூட்டும்போது மாற்றுவழிக் கதவைத் திறந்து வைத்து, சூடேறிய பின்னரே மூட வேண்டும். வர்ணம் பூசிய மரத்தையும் குப்பையையும் எரித்தால் வினையூக்கி விரைவில் கெடும். நன்கு பேணினாலும் சில ஆண்டுகளில் அதனை மாற்றியே ஆக வேண்டும்.

வினையூக்கியில்லா அடுப்பில், முன்னரே சூடான காற்று மேற்பகுதியிலுள்ள சிறு துளைகளின் வழியே வந்து புகையுடன் கலந்து அதனை எரிக்கிறது. இதனைக் கையாளுவது எளிது. ஆனால், காற்றை மிகக் குறைத்தால் இந்த இரண்டாம் சுடர் அணைந்துவிடும்.

இரவும் பகலும் குளிர் நீடிக்கும் இடத்தில், கவனத்துடன் பேணுவோர்க்கு முதல்வகை ஏற்றது. மாலையில் சில மணி நேரமே மூட்டுவோர்க்கும் பலர் கை மாறும் அடுப்புக்கும் இரண்டாம் வகையே நன்று.

எவ்வகையாயினும் விறகின் ஈரப்பசை 20 சதவீதத்திற்கு மேற்படலாகாது. விறகைப் பிளந்து, மழை படாது மூடி, காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது ஆறு மாதமேனும் உலர்த்த வேண்டும். காஷ்மீரத்தில் வழங்கும் புகாரி அடுப்புக்கும் இவ்விதி பொருந்தும். நெருப்பு நன்கு பற்றிய பின்னரும் புகைபோக்கியிலிருந்து அடர்ந்த புகை எழுமாயின், களப்பணியாளர் முதலில் சோதிக்க வேண்டியவை விறகின் ஈரமும் காற்றின் அளவுமே ஆகும்.