கேட்காமல் வரும் மடலைச் சட்டம் தடுக்குமா?

மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், பள்ளியிலிருந்து வந்த மடலுக்கு முன்னால் வேறு பல மடல்கள் வந்து நிற்கின்றன. ஒன்று குலுக்கலில் பரிசு விழுந்ததாகச் சொல்கிறது. மற்றொன்று பிணை இல்லாமல் கடன் தருவதாகச் சொல்கிறது. பெறுபவர் கேட்காமலேயே ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேருக்கு அனுப்பப்படும் இத்தகைய மடல்களை வேண்டா மின்னஞ்சல் என்கிறோம். இவற்றுள் சில வெறும் விளம்பரங்கள். சில மோசடி வலைகள். மலாக்காவின் செங் வட்டாரத்தில் சிறு கடை நடத்துபவர் ஆனாலும், தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்ற முதியவர் ஆனாலும், ஒரு பொய் மடலை நம்பினால் பல ஆண்டுச் சேமிப்பை இழக்க நேரிடலாம். அப்படியானால், அரசாங்கம் சட்டம் இயற்றி இவற்றைத் தடுப்பதுதான் சரியான வழியா?

இம்மடல்கள் ஏன் பெருகுகின்றன என்பதை முதலில் அறிய வேண்டும். 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனை அதிகாரி, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாக ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். வேண்டா மின்னஞ்சலின் தொடக்கம் இதுவே என்பர். கடைக்காரர் ஒருவர் துண்டறிக்கை வெளியிட வேண்டுமானால் தாளுக்கும் அச்சுக்கும் வீடு வீடாகக் கொடுப்பவரின் கூலிக்கும் பணம் செலவிட வேண்டும். மின்னஞ்சலிலோ, நூறு பேருக்கு அனுப்பினாலும் நூறாயிரம் பேருக்கு அனுப்பினாலும் செலவில் பெரிய வேறுபாடு இல்லை. நூறாயிரம் பேரில் ஒருவர் ஏமாந்தாலும் அனுப்பியவருக்கு ஆதாயம்தான். நேரத்தையும் கொள்ளளவையும் இழப்பவர்கள் பெறுபவரும் சேவை நிறுவனமுமே. ஒருவர் ஆதாயம் பெற, மற்றவர்கள் செலவை ஏற்பது நியாயமன்று. சட்டம் வேண்டும் என்போரின் முதன்மை வாதம் இதுவே.

பல நாடுகள் இவ்வாதத்தை ஏற்றன. ஆஸ்திரேலியா 2003ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்படி, விளம்பர மடலை அனுப்புவதற்கு முன்பே பெறுபவரின் இசைவு வேண்டும். அமெரிக்காவும் அதே ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, பெறுபவர் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வரை மடல் அனுப்பலாம். ஆனால், அனுப்புபவர் தம் உண்மையான முகவரியைக் குறிப்பிட வேண்டும். சிங்கப்பூர் 2007ஆம் ஆண்டில் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இச்சட்டங்களால் பெயரும் முகவரியும் உடைய நிறுவனங்கள் கட்டுப்பட்டன.

எனினும், முகத்தை மறைத்துக்கொள்பவரைச் சட்டத்தால் எளிதில் பிடிக்க முடிவதில்லை. அவர் ஒரு நாட்டில் இருந்துகொண்டு, வேறொரு நாட்டின் வழங்கியைப் பயன்படுத்தி, மூன்றாம் நாட்டில் உள்ளவருக்கு மடல் அனுப்புகிறார். ஒரு நாட்டின் சட்டமோ அந்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. 2008ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் கலிபோர்னியாவில் இருந்த ஒரு வழங்கி நிறுவனத்தின் இணைப்பை, அதற்கு இணையச் சேவை வழங்கிய நிறுவனங்கள் துண்டித்தன. உடனே உலகெங்கும் வேண்டா மின்னஞ்சல் பெருமளவு குறைந்தது. எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இன்றி இது நிகழ்ந்தது. ஆனால், சில மாதங்களில் அனுப்புவோர் வேறு வழி கண்டுபிடித்தனர்; மடல்கள் மீண்டும் பெருகின.

மலேசியா இக்கேள்வியை 2003ஆம் ஆண்டிலேயே எழுப்பியது. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டு ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. பயனர் தம்மைத் தாமே காத்துக்கொள்வது, சேவை நிறுவனம் வடிகட்டுவது, பயனீட்டாளர் மன்றத்திடம் முறையிடுவது, இறுதியாக ஆணையம் நடவடிக்கை எடுப்பது எனப் படிப்படியான அணுகுமுறையை அது மேற்கொண்டது. ஆணையத்தின் கையில் இருந்தது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு. அப்பிரிவின்படி, பிறரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்துடன் செய்தி அனுப்புவது குற்றம். அதற்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கலாம் என்றிருந்தது. ஆனால், விளம்பரம் அனுப்புபவர், “என் நோக்கம் விற்பனையே, தொல்லை தருவதன்று” என்று வாதிடலாம் அல்லவா?

இக்குறையைப் பிற்காலச் சட்டங்கள் ஓரளவு நிரப்பின. 2013ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் நம் விவரங்களை நேரடி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்து வழியாகக் கோரலாம். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொடர்பு, பல்லூடகச் சட்டத் திருத்தத்தில், கேட்காமல் அனுப்பப்படும் வணிக மின்செய்திகளுக்கெனத் தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. இதில் ‘வணிக’ என்ற சொல் முக்கியமானது. ஆலய நிர்வாகத்தினர் திருவிழா அழைப்பைப் பலருக்கு அனுப்புவதும், முன்னாள் மாணவர் சங்கம் ஒன்றுகூடலை அறிவிப்பதும் வணிகமல்ல. சட்டத்தின் வலை அளவுக்கு மீறி விரிந்தால், நல்ல செய்தியும் அதில் சிக்கிக்கொள்ளும்.

குறுஞ்செய்தித் துறையில் அரசாங்கம் வேறு வழியையும் கையாண்டது. இணைய இணைப்பு அடங்கிய குறுஞ்செய்திகளைத் தடுக்குமாறு ஆணையம் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 2023ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் முதல் இத்தடை கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. அனுப்பியவரைத் தேடிப் பிடிப்பதற்கு முன்பே, செய்தி செல்லும் பாதையில் தடுப்பு போடப்பட்டது. அதே வேளையில், நண்பர் ஒருவர் நல்லெண்ணத்துடன் அனுப்பும் இணைப்பும் தடைபட்டது. பாதுகாப்புக்காகப் பொதுமக்கள் கொடுக்கும் விலை இது.

ஆகவே, சட்டம் தேவை. ஆனால், சட்டம் மட்டும் போதாது. முகவரி உள்ள வணிகரைச் சட்டம் கட்டுப்படுத்தும். முகவரி இல்லாத மோசடிக்காரரைச் சேவை நிறுவனத்தின் வடிகட்டியும் பயனரின் விழிப்புணர்வுமே தடுக்க முடியும். அறிமுகமான நிறுவனத்தின் விளம்பரம் வேண்டாம் எனில், அதை நிறுத்துமாறு கேட்கலாம். அறியாதவரின் மடலுக்கோ ‘வேண்டாம்’ என்றுகூட மறுமொழி எழுதக்கூடாது. அந்த மறுமொழியே நம் முகவரி பயன்பாட்டில் இருப்பதை அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். பணத்தை இழந்தவர்கள் வெட்கத்தால் மறைக்காமல், உடனே வங்கியையோ தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணையோ அழைக்க வேண்டும். காலம் தாழ்த்தினால் பணத்தை மீட்பது கடினம். இவற்றைத் தாத்தா பாட்டிக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் பொறுப்பை ஒவ்வொரு வீட்டிலும் இளையோர் ஏற்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் நிறைவேறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.