ஒரகடத்தைத் தொட்ட புழுவும் வீட்டுக் கணினியின் திறந்த வாயில்களும்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வானாக்ரை’, அதாவது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு அவற்றை விடுவிக்கப் பணம் கேட்கும் தீநிரல், 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியபோது, சென்னையை அடுத்த ஒரகடத்தில் 2010இல் தொடங்கிய ரெனோ–நிசான் கார் ஆலையும் அதற்குத் தப்பவில்லை. ஆலைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நேர்ந்த இடராகவே அது நினைவில் தங்கிவிட்டதால், வீட்டுக் கணினியைப் பற்றிய சில நம்பிக்கைகள் இன்னும் திருத்தப்படாமல் நிலவுகின்றன.

நம்பிக்கை: அறியாத மின்னஞ்சலைத் திறக்காதிருந்தால் போதும்.

உண்மை: வானாக்ரை பரவுவதற்கு எவரும் எதையும் திறக்க வேண்டியிருக்கவில்லை. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ள உதவும் எஸ்எம்பி என்னும் சேவை, 445ஆம் எண் போர்ட்டில், அதாவது பிணையத்திலிருந்து வரும் அழைப்புகளை ஏற்கும் வாயிலில், எந்நேரமும் காத்திருக்கிறது. அதன் பழைய முதல் பதிப்பைக் கையாளும் நிரலில் இருந்த பிழையின் வழியாகவே ‘புழு’ எனப்படும் வகையைச் சேர்ந்த அந்தத் தீநிரல் கணினிக்குக் கணினி தானாகத் தாவியது. பிழைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தும், அதை நிறுவாமலும் அச்சேவையை அணைக்காமலும் விட்ட கணினிகளே இரையாயின.

நம்பிக்கை: வீட்டுக் கணினியில் திருட என்ன இருக்கிறது?

உண்மை: புழு ஆள் பார்த்து வருவதில்லை, பிணைய முகவரிகளைத் தட்டிப் பார்த்து, திறந்திருக்கும் வாயிலில் நுழைகிறது. கார் ஆலையின் வரைபடமும் குழந்தையின் புகைப்படமும் அதற்கு ஒன்றே. வீட்டுக்காரரிடமும் அது 300 டாலர் மதிப்புள்ள பிட்காயினைத்தான் கேட்டது.

நம்பிக்கை: வைஃபை ரூட்டர் இருப்பதால் வெளியார் நுழைய முடியாது.

உண்மை: கேளாமல் வெளியிலிருந்து வரும் அழைப்புகளை ரூட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும் என்பது சரியே, ஆனால் அதற்கு உட்புறத்தில் உள்ள கருவிகள் ஒன்றோடொன்று தடையின்றிப் பேசுகின்றன. தொழிலாளர் பலர் ஒரே வைஃபையைப் பகிரும் வாடகை அறையில், தொற்றுள்ள ஒரு லேப்டாப் உள்ளே வந்துவிட்டால், ரூட்டர் அதைத் தடுக்கும் இடத்தில் இல்லை.

நம்பிக்கை: சேவைகளை அணைத்தால் இணையமே நின்றுவிடும்.

உண்மை: இணையதளத்தைப் பார்ப்பது கணினி வெளியே விடுக்கும் அழைப்பு, எஸ்எம்பி முதல் பதிப்பும், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பும் உள்ளே வரும் அழைப்புகளை ஏற்பவை என்பதால், அவற்றை அணைப்பதால் உலாவல் தடைபடாது. அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் அணைப்பதும் தவறு: கணினிக்கு முகவரி பெற்றுத் தரும் டிஹெச்சிபி கிளையண்ட் சேவையை அணைத்தால் இணைப்பு உண்மையாகவே அறுந்துபோகலாம். பழைய ஸ்கேனர் ஒன்றுக்கு எஸ்எம்பி முதல் பதிப்பு தேவைப்பட்டால், அந்தக் கருவியை மாற்றுவதே நல்லது.

2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பைப் புதிதாக நிறுவும்போது, அழைப்புகளை ஏற்கும் அந்தப் பழைய எஸ்எம்பி பகுதி சேர்வதில்லை. அதற்கு முந்தைய கணினிகளில் அதை அணைக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. விண்டோஸ் 10 என்றால், கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் அம்சங்களின் பட்டியலைத் திறந்து, எஸ்எம்பி 1.0 என்பதற்கு எதிரே உள்ள குறியை நீக்கிவிட்டு, கணினியை ஒருமுறை மீண்டும் இயக்கினால் போதும்.