அங்கோருக்குக் கிளம்புகிற பிள்ளைகளுக்கு

1. முதல் நாள் காலையில் சந்தைக்குப் போங்கள், கோயில் பிறகு. அங்கோர் கோயில்களை ஒட்டிய கம்போடிய நகரமான சியம் ரீப்பில் இரவு வெளிச்சம் போட்டு மின்னும் கடைவீதி வெளியூர்க்காரர்களுக்காகப் போட்டது. ஊர்க்காரர்கள் மீனும் காயும் வாங்குவது ஆறாம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ப்சார் லெவ் சந்தையில். வெயில் ஏறுவதற்குள் அங்கே இருங்கள். அலுமினியத் தட்டுகளில் மீன் துள்ளிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் குவித்த ப்ரஹோக். மீனை உப்பில் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த விழுது அது, கெமர் சமையலின் உயிர்நாடி. வாடை தூக்கலாகத்தான் இருக்கும், மூக்கைப் பொத்தாதீர்கள். அது அவர்கள் வீட்டுச் சாப்பாடு. எலுமிச்சைப்புல், அரத்தை, வாழைப்பூ என்று குவித்துவைத்து, சரக்குக்கு நடுவிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்து விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1296-இல் சீனத் தூதுக்குழுவோடு அங்கோருக்கு வந்த சூ தாகுவான் இந்த ஊரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வியாபாரம் பெண்கள் கையில். சந்தை காலையில் கூடி நண்பகலோடு கலைந்துவிடும். கடைக் கட்டடம் கிடையாது, தரையில் பாய் விரித்துத்தான் விற்பனை. ப்சார் லெவ்வில் ஒரு மணி நேரம் நின்றால் அந்த ஏடு உங்கள் கண்முன் நடமாடும்.

2. அந்த வாடை உடம்பில் இருக்கும்போதே பயோன் கோயிலுக்குப் போய்விடுங்கள். ஏழாம் ஜயவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பத் தொடங்கியது. எல்லாரும் நேரே மேலே ஏறி, கோபுரங்களில் இருக்கும் பெரிய முகங்களோடு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். நீங்கள் கீழேயே வெளிச்சுற்றின் தெற்குச் சுவர்ப் பக்கம் போங்கள். மேலே சாம் இனத்தவரின் படையோடு நடக்கும் படகுப் போர். படகுகளுக்கு அடியில் மீன் கூட்டம். அதற்கும் கீழே, கண் மட்டத்தில், ஊர் வாழ்க்கை. சேவல் சண்டைக்குப் பந்தயம் கட்டுகிறார்கள். ஒரு பன்றியைக் கொதிக்கும் பானைக்குள் இறக்கப் போகிறார்கள். ஒருத்திக்குப் பிரசவம் நடக்கிறது. கொண்டை போட்ட சீன வணிகர்கள் இருக்கிறார்கள், சந்தை இருக்கிறது. அரசன் கட்டிய கோயிலின் சுவரில் மீன்காரிக்கும் சமையற்காரனுக்கும் இடம் கொடுத்த அந்தச் சிற்பிகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும். காலையில் சந்தையைப் பார்த்துவிட்டு வந்தவருக்குத்தான் இந்தச் சுவர் பேசும்.

3. அங்கோர்வாட்டை வெயிலின் போக்கை அறிந்து பாருங்கள். இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எடுத்த கோயில், மேற்குப் பார்த்தது. காலையில் முன்புறம் நிழலடிக்கும், பிற்பகலில்தான் ஒளி ஏறும். சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் குளக்கரையில் கூடும் கூட்டத்தில் முண்டியடிக்க வேண்டாம். காலையில் கிழக்குப் பிரகாரத்துக்குப் போனால் பாற்கடல் கடையும் காட்சி இருக்கிறது. சுமார் 49 மீட்டர் நீளத்துக்குத் தேவரும் அசுரரும் வாசுகியை இழுக்கிறார்கள். கீழே கடலைக் குனிந்து பாருங்கள்: ஓரத்தில் முழுசாக நீந்தும் மீனும் முதலையும், மத்து சுழலும் இடத்தை நெருங்க நெருங்கத் துண்டு துண்டாக வெட்டுப்பட்டிருக்கும். கடைகிற வேகத்தைக் கல்லில் காட்ட இதைவிட வழி உண்டா? குருச்சேத்திரமும் இலங்கைப் போரும் மேற்குப் பிரகாரத்தில். அவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

4. தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். அங்கோர்வாட்டின் உச்சித் தளத்துக்கு இல்லாவிட்டால் விடமாட்டார்கள். விஷ்ணு கோயில் இப்போது பௌத்தர்கள் வழிபடும் இடம்; பௌத்தப் புனித நாட்களில் அந்தத் தளத்தை மூடிவிடுவார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளே புத்தருக்கு ஊதுபத்தி ஏற்றுகிற பாட்டிகளுக்கு இது இன்றும் கோயில்.

5. பந்தேய் ஸ்ரீயை விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து தூரம்தான், அரை நாள் போகும். 967-இல் குடமுழுக்கு கண்ட சிவன் கோயில். கட்டியவர் அரசரல்ல, யக்ஞவராகன் என்ற அரச குரு. இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தில் இழைத்தாற்போல் வேலைப்பாடு. வாயில் முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறார். அவர் காலடியில் எலும்பு துருத்தி, மார்பு வற்றி உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தேடிப் பாருங்கள். அவரைக் காரைக்கால் அம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். நம் ஊர் அடியார் ஒருவர் கடல் தாண்டி, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வழிகாட்டிகள் பல நேரம் காட்டாமலே கடந்துவிடுவார்கள். நீங்களே கேளுங்கள்.

திரும்பும் வழியில் பிரே டாக் கிராமத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். சாலையோரத்தில் பெரிய வாணலியில் பதநீர் காய்ந்துகொண்டிருக்கும், நம் பனைதான். அங்கேயே நும் பஞ்சோக் கிடைக்கும்: புதிதாகப் பிழிந்த அரிசிச் சேமியா, மேலே மீன் குழம்பு, பச்சைக் கீரைகள்.

6. கல்லைத் தொடாதீர்கள். தேவதைச் சிற்பங்கள் சிலவற்றின் மார்பு மட்டும் கறுத்துப் பளபளப்பதைப் பார்ப்பீர்கள். அத்தனையும் கைபட்டது.

7. மூன்று நாள் நுழைவுச்சீட்டு எடுங்கள். 2017-இலிருந்து ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். நடுவில் ஒரு நாள் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை கோயிலில் அலையாதீர்கள். துக்துக் ஓட்டுகிறவரும் மனிதர்தான், அவருக்கும் அந்த நேரத்தில் சாப்பாடும் ஓய்வும் வேண்டும்.

8. சில்லறை டாலராக எடுத்துப் போங்கள். கிழிந்த, அழுக்கு நோட்டை வாங்கமாட்டார்கள். ஒரு டாலருக்குக் குறைந்த மீதியை உள்ளூர்ப் பணமான ரியலாகத் தருவார்கள். டாலருக்குச் சுமார் நாலாயிரம். பேரம் பேசலாம், சிரித்துக்கொண்டே பேசுங்கள். வயதில் மூத்த கடைக்காரரை ‘பொங்’ என்று கூப்பிட்டால் அக்கா, அண்ணன் என்ற உறவு வந்துவிடும். காய்கறிக்கும் சோற்றுக்கும் பேரம் வேண்டாம். அங்கே குறைக்கிற காசு உங்களுக்குப் பெரிதல்ல, அவருக்குப் பெரிது.

9. சைவக்காரர்கள் “கறி வேண்டாம், மீன் வேண்டாம்” என்றால் போதாது. மீன் சாறும் ப்ரஹோக்கும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

10. வாங்குவதென்றால் காம்போட் மிளகு, பனஞ்சர்க்கரை, கட்டம் போட்ட கிரமாத் துண்டு. பழைய சிலை, கோயில் கல் என்று யாராவது காதோடு சொன்னால் அந்த இடத்தைவிட்டு நகருங்கள். 1923-இல் பந்தேய் ஸ்ரீயில் சிற்பங்களைப் பெயர்த்தெடுத்துப் பிடிபட்ட இளைஞர் ஆந்திரே மால்ரோ, பின்னாளில் பிரான்சின் கலாச்சார அமைச்சரானார். படித்தவர்களே செய்த திருட்டு அது. போர்க்காலத்தில் இன்னும் எத்தனையோ தலைகள் அறுபட்டுப் போயின. வாங்குகிறவர் இருப்பதால்தான் அறுக்கிறார்கள்.

11. கோயில் வாசலில் தபால் அட்டை விற்கும் குழந்தைகளிடம் வாங்காதீர்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். விற்பனை நன்றாக நடக்கிற குழந்தையை வீட்டார் பள்ளிக்கூடம் அனுப்பமாட்டார்கள். அந்தக் காசைப் பெரியவர்கள் வைத்திருக்கும் கடையில் இளநீருக்குக் கொடுங்கள்.

12. கையில் மிஞ்சிய ரியலை அங்கேயே செலவழித்துவிடுங்கள். நாட்டைவிட்டு வெளியே வந்தபின் மாற்றுவது கடினம்.